1080 டிஐயா, 4060யா: அகல வாய்க்காலும் வயலோரக் குளமும்

வெண்ணாறு (தஞ்சாவூர்):
என்விடியாவின் பழைய 10 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், இன்றைய அடிமட்டக் கார்டே அவற்றை மிஞ்சிவிடும் என்று சென்ற வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. 2017 மார்ச்சில் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐயில் 11 ஜிபி நினைவகமும், அதற்கும் சில்லுக்கும் இடையே 352 பிட் அகலப் பாதையும் உண்டு. நொடிக்கு 484 ஜிபி தரவு அதில் ஓடும். ஆறு ஆண்டு கழித்து 2023 ஜூனில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கு 8 ஜிபியும் 128 பிட்டும்தான் வாய்த்தன. ஓட்டம் 272 ஜிபி.

தீபாவளி விடுமுறைக்கு வந்த அக்கா மகன் தன் 4060ஐக் கொண்டுவந்திருந்தான். இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலி உள்ள என் கணினியில் இரண்டு நாள் அதைப் போட்டுப் பார்த்தோம். 1440பி திரையில், டெக்ஸ்சரை (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்களை) உச்சத்தில் வைத்து, ஒரு சந்தின் முனையில் திரும்பினால் படம் ஒரு கணம் திக்கி நிற்கிறது. எதிர்ச்சுவர் சேறு பூசியதுபோல் மங்கலாக வந்து, பிறகுதான் செங்கல் செங்கலாகத் தெளிகிறது. என் பழைய கார்டில் அதே சந்து தடையின்றி ஓடியது.

அரசலாறு (கும்பகோணம்):
அண்ணா, நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. அதற்குச் சொல்லும் காரணத்தைத்தான் மறுக்கிறேன். வாய்க்காலின் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது, வயலோரத்தில் குளம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1080 டிஐயின் சில்லுக்குள் இருக்கும் எல்2 கேஷ் என்ற சிறு நினைவகம் மூன்று எம்பிகூட இல்லை. 4060இல் அது 24 எம்பி. அடிக்கடி வேண்டிய தரவு அந்தக் குளத்திலேயே கிடைத்துவிடுவதால் வாய்க்கால் குறுகலாக இருந்தும் பெரும்பாலும் பாசனம் நடக்கிறது. 4கேவுக்குப் போனால் குளம் போதாமல் தடுமாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1080பியில், டிஎல்எஸ்எஸ் (சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் உத்தி) போன்ற எந்த மெருகூட்டலும் இல்லாத வெறும் ஓட்டத்திலேயே, 4060 சற்று முன்னே நிற்கிறது.

நீங்கள் கண்ட திக்கலுக்கு வேறொரு காரணமும் உண்டு. கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதையில் 4060க்கு எட்டுத் தடங்கள்தான். உங்கள் மதர்போர்டு பிசிஐஇ 3.0 என்பதால் நொடிக்குச் சுமார் 8 ஜிபிதான் அதில் போகும், 4.0 போர்டில் அதுவே சுமார் 16. கார்டின் 8 ஜிபி நிறைந்து வழிந்ததும் மிச்ச டெக்ஸ்சர் கணினியின் ரேமிலிருந்து அந்தப் பாதை வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆக, நீங்கள் சோதித்ததில் பாதி கார்டு, பாதி போர்டு.

மின்சாரத்தையும் பாருங்கள்: 250 வாட் எங்கே, 115 வாட் எங்கே! நாளுக்கு நான்கு மணி நேரம் முழுச் சுமையில் ஆடினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 32 யூனிட் வித்தியாசம். ஏசி ஓடும் வீட்டில் ரீடிங்கை 500க்கு மேலே தள்ளிவிட அது போதும். தள்ளிவிட்டால் கீழ்ப்படி யூனிட்டின் விலையும் சேர்ந்தே ஏறும்.

வெண்ணாறு:
தம்பி, தடக் கணக்கு சரி, என் கணினி 3.0தான். ஆனால் இருபதாயிரம், முப்பதாயிரத்துக்குள் கார்டு தேடுகிறவன் வீட்டில் எந்தப் போர்டு இருக்கும்? பழைய போர்டுதான் இருக்கும். புதுப் போர்டு வாங்கினால் பலன் தெரியும் என்று அவனிடம் சொல்வது, மேட்டூரில் தண்ணீர் திறந்தாகிவிட்டது என்று கடைமடைக்காரனிடம் சொல்வதைப் போன்றது. நீர் தன் வயலுக்கு வந்து சேர்ந்ததா என்பதுதானே அவன் கேள்வி?

எல்லோரும் கொண்டாடும் ஃபிரேம் ஜெனரேஷனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு நிஜப் படங்களுக்கு நடுவே ஒரு கற்பனைப் படத்தைச் செருகுவதால் எண்ணிக்கை கூடுகிறதே தவிர, மவுசை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையிலுள்ள தாமதம் குறைவதில்லை. போதாக்குறைக்கு, ஏற்கெனவே தட்டுப்பாடான அந்த 8 ஜிபியில் அதுவும் ஒரு பங்கு கேட்கிறது.

வெட்டாறு (திருவாரூர்):
இடையில் ஒரு சொல். 1080 டிஐயிலும் 2021 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060இலும் கூடா கோர்கள் என்ற கணக்கிடும் அலகுகளின் எண்ணிக்கை ஒன்றே: 3584. அதைக் கண்டு இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. தலைமுறைக்குத் தலைமுறை கோரை எண்ணும் முறையே மாறியிருக்கிறது. மா கணக்கு ஒன்றாக இருந்தால் கண்டுமுதலும் ஒன்றாகிவிடுமா? ஆனாலும் சாதாரண ஓட்டத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாகவே வந்து நிற்பது தற்செயல்தான். பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை இந்த 3060: 12 ஜிபி, 170 வாட், பதினாறு தடங்கள். அதே பெயரில் 8 ஜிபி, 128 பிட் வடிவம் ஒன்றும் உலவுகிறது. அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பாமணியாறு (மன்னார்குடி):
விளையாட்டை விடுங்கள். நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். இப்போதைய கேமராக்கள் நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் 10 பிட் 4:2:2 முறையில் பதிவு செய்கின்றன. ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிய அந்தக் கோப்பை விரித்துக் காட்டும் வன்பொருள் 1080 டிஐயிலும் இல்லை, 4060இலும் இல்லை. என்விடியாவில் 50 வரிசைக்குத்தான் அது வந்தது. ஆனால் இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் செயலிக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராபிக்ஸ் அதைச் செய்துவிடுகிறது. நாதஸ்வரக் கச்சேரியை டைம்லைனில் இழுக்கும்போது படம் நொண்டுகிறதே என்று கார்டை மாற்றிய நண்பர்கள் எனக்கு இருவர். நொண்டல் அப்படியே இருந்தது. 4060இல் உள்ள, வீடியோவைச் சுருக்கும் ஏவி1 என்கோடர் முடித்த வீடியோவை ஏற்றும்போது உதவுகிறது, அவ்வளவே.

செகண்ட் ஹேண்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர் ஒருவரிடம் நான் வாங்கிய 1080 டிஐ எட்டு மாதத்தில் நின்றது. திறந்து பார்த்தபோது மெமரிச் சில்லுகளின் மேல் இருந்த, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடுகள் எண்ணெய் கக்கிப் போர்டெங்கும் வழிந்திருந்தன. பேஸ்ட் காய்ந்து, காறை போலப் பொடிப் பொடியாக உதிர்ந்தது. எத்தீரியம் சுரங்க வேலை (கார்டால் கணக்குப் போட்டு மின்பணம் ஈட்டுவது) 2022 செப்டம்பரில் நிற்கும்வரை இரவும் பகலும் உழைத்த கார்டாகத்தான் இருக்க வேண்டும். விற்றவர் "வீட்டில் கேம் ஆடியது" என்றார்.

அரசலாறு:
வாங்குவோருக்கு இது முக்கியமான எச்சரிக்கை. இனி வேகத்தோடு வாசலையும் பேச வேண்டியிருக்கிறது, வெண்ணாறு அண்ணா. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025 மே மாதத்து டூம் விளையாட்டும் ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் போக்கைக் கணித்து ஒளியும் நிழலும் வரைவது) வன்பொருள் இல்லாத கார்டை ஏற்பதே இல்லை. உங்களிடம் 11 ஜிபி என்ன, 24 ஜிபி இருந்தாலும் உள்ளே விடாது. புது விளையாட்டுகளுக்கான டிரைவரும் 2025 அக்டோபரோடு 1080 டிஐ உள்ளிட்ட பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கு நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர்வரை வரும்.

வெண்ணாறு:
வாசல் விஷயத்தில் எனக்கு மறுமொழி இல்லை. புதிதாக ஒருவர் இன்று 1080 டிஐ வாங்கலாமா என்றால், வேண்டாம் என்றே நானும் சொல்வேன். என்னிடம் இருப்பதை எறிந்துவிட்டு 4060 வாங்க வேண்டும் என்பதைத்தான் இன்னும் ஏற்க முடியவில்லை. பேடும் பேஸ்டும் மாற்றி இன்னும் ஓரிரு வருடம் ஓட்டுவேன். அந்தத் திக்கலில் போர்டின் பங்கு எவ்வளவு என்பதைப் பேசித் தீர்க்க முடியாது. பொங்கலுக்கு அக்கா மகன் வருகிறான். உங்கள் 4.0 போர்டில் அதே கார்டைப் போட்டு, 1440பி, உச்ச டெக்ஸ்சர், டிஎல்எஸ்எஸ் அணைத்து, அதே சந்தில் திரும்பிப் பார்ப்போம், சம்மதமா?

அரசலாறு:
சம்மதம். உங்கள் கார்டையும் எடுத்துவாருங்கள், அண்ணா. அதற்கு வேண்டிய 8 பின், 6 பின் இரண்டும் என் பவர் சப்ளையில் இருக்கின்றன.