அப்பத்தாவை மீண்டும் நடக்க வைக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் வசிக்கும் என் அப்பத்தாவுக்கு 82 வயது. வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) நீர் சிந்தியிருந்த ஆத்தங்குடித் தரைக்கல்லில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததால், ஆறு வாரங்களுக்கு முன்பு அறுவை சிகிச்சை நடந்தது. வாக்கர் பிடித்து நடக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்த பிறகும், மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அவர்கள் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறார்கள். படுத்தே இருந்தால் தசை நாளுக்கு நாள் மெலியும் என்பதும், இரத்த உறைவு, படுக்கைப் புண், நிமோனியா ஆகியவற்றுக்கு அதுவே வழிவிடும் என்பதும் தெரிவதால் கவலை கூடுகிறது. கணுக்காலை அசைப்பது, முழங்காலை நீட்டி மடக்குவது ஆகியவற்றை நானே செய்ய வைக்கிறேன். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பதையும், எங்கள் வீட்டின் உயரமான நிலைப்படிகளைத் தாண்டுவதையும் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து பழக்குவதே பாதுகாப்பானது.

வாரம் மூன்று நாள் வீட்டுக்கே வரக்கூடிய பிசியோதெரபிஸ்ட் யாரையேனும் அறிந்திருந்தால் தெரிவியுங்கள். பெண்ணாக இருந்தால் அப்பத்தா கூச்சப்படமாட்டார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் அதனால் பயன்பெற்றவர்கள், யாரை அணுகிப் பதிவு செய்தீர்கள், எத்தனை நாள் இடைவெளியில் வந்தார்கள் என்பதை எழுதினால் பேருதவியாக இருக்கும்.