மாயாவியின் கோட்டு எங்கே போயிற்று?

வெல்ஸ்தாசன்:
பழைய காமிக்ஸ் நினைவுகளுக்கான இழையில் நண்பர் நிழற்படையாள் நேற்று ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார். உருவம் மறையும் மனிதர்களைப் பற்றிய கதைகளுள் அறிவியலுக்கு மிக நெருக்கமானது இரும்புக்கை மாயாவிதானாம்; எச்.ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய ‘தி இன்விசிபிள் மேன்’ நாவல்கூட அதற்கு அடுத்த இடத்தில்தான் நிற்குமாம். அதற்கு விழுந்திருக்கும் கைதட்டல்களைப் பார்த்த பிறகு வாய்மூடி இருப்பது எனக்கு இயலாத காரியமாகிவிட்டது.

என் கேள்வி ஒன்றே ஒன்று. மாயாவியாக மாறும் லூயிஸ் கிராண்டல் மின்கம்பியைத் தொட்டதும் அவன் உடல் மறைகிறது. சரி, கதைக்காக ஏற்கலாம். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. அதையும் ஏற்கலாம், அந்தக் காட்சியின் அழகுக்காகவே ஏற்கலாம். ஆனால் அவன் அணிந்திருந்த கோட்டும் கால்சட்டையும் எங்கே போயின? மின்சாரம் நன்றாகப் பாயும் இரும்பு மறையவில்லை. மின்சாரம் பாயாத கம்பளியும் பருத்தியும் மறைந்துவிடுகின்றன. இதற்குப் பெயர் அறிவியல் என்றால், நான் படித்த இயற்பியலை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறேன். வெல்ஸின் நாவலில் உருவம் மறைந்த கிரிஃபின் ஜனவரி மாதத்து லண்டன் தெருவில், உறையும் சேற்றில், உடலில் ஒரு நூல்கூட இல்லாமல் நடந்தான். சேற்றில் பதிந்த வெறுங்கால் தடமே அவனைக் காட்டிக்கொடுத்தது. எழுத்தாளனுடைய நேர்மை என்பது அது.

நிழற்படையாள்:
வெல்ஸ்தாசன் ஐயா அவர்களுக்கு வணக்கம். தங்கள் பெயரிலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருப்பதால் தங்களிடம் நடுநிலையை எதிர்பார்ப்பது என் தவறாகத்தான் இருக்கும்.

மாயாவி முதன்முதலில் தோன்றியது 1962 அக்டோபர் 6 அன்று, வேலியண்ட் என்ற பிரிட்டிஷ் சிறுவர் வார இதழின் முதல் இதழில். எழுதத் தொடங்கியவர் கென் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்த கிராண்டல், கதை தொடங்குவதற்கு முன்பே ஒரு விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். கருவி வெடித்தபோது மின்சாரமும் புதுவகைக் கதிரும் சேர்ந்து அவனைத் தாக்கின. ஆகவே அவன் உடலைச் சுற்றி ஒரு புலம் உருவாகிறது. அந்தப் புலத்துக்குள் இருக்கும் துணியும் மறைகிறது. இதிலே என்ன சிக்கல்? வெறும் மின்சாரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே, கதிர் என்ற பாதியை ஏன் மறைக்கிறீர்கள்?

வெல்ஸ்தாசன்:
புலம்! இந்த விடை வரும் என்று எதிர்பார்த்தே காத்திருந்தேன். உடலைச் சுற்றியுள்ள புலத்துக்குள் கோட்டு இருக்கிறது என்றால், மணிக்கட்டோடு ஒட்டியிருக்கும் இரும்புக் கையும் அதே புலத்துக்குள்தானே இருக்கிறது? கை விலக்கு, கோட்டு விலக்கில்லை என்று எந்தப் புலம் வந்து ஆள்பார்த்துச் சலுகை கொடுக்கும்? விபத்தன்று உடலில் இருந்த துணிக்குக் கதிரின் தாக்கம் உண்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், பிற்காலத்தில் நிழற்படை என்ற உளவு அமைப்புக்காகப் போன ஊரிலெல்லாம் மாற்றி மாற்றி அணிந்த கோட்டுகள் எந்த ஆய்வகத்தில் எந்தக் கதிரை வாங்கின? கோட்டுக்கு விடை சொல்லுங்கள், பிறகு ஹெசூஸ் பிளாஸ்கோவின் பிறந்த நாடு பற்றிப் பேசலாம்.

மேட்னிஷோ:
இரண்டு பெரியவர்களும் புத்தகத்தை விட்டு இறங்கமாட்டீர்கள் போலிருக்கிறது. 1933இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய படத்தை ஒருமுறை பாருங்கள். வெல்ஸ் நாவலையே படமாக்கினார்கள். கிளாட் ரெயின்ஸின் முகம் கடைசிக் காட்சிவரை திரையில் தெரியாது, குரலால் மட்டுமே நடித்திருப்பார். ஜான் ஃபுல்டன் என்ற தந்திரக் காட்சிக் கலைஞர், நடிகருக்குக் கறுப்பு வெல்வெட்டை முழுக்கப் போர்த்தி, கறுப்பு வெல்வெட் திரைக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்து, பின்னர் வேறு காட்சியோடு இணைத்தார். கணினி என்ற பேச்சே இல்லாத காலம் அது. இன்று பார்த்தாலும் முகத்துக் கட்டு அவிழும் காட்சியில் கை தட்டத் தோன்றும். அப்பேர்ப்பட்ட படத்திலேயே, வெறுங்காலோடு ஓட வேண்டிய கிரிஃபின் இறுதியில் பனியில் விட்டுச் செல்வது செருப்புக் காலின் தடம்! வெல்ஸ் பக்தர்கள் அந்தச் செருப்பு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லட்டும்.

நம் ஊர்ப் பக்கம் வந்தால் 1987இல் வந்த மிஸ்டர் இந்தியா என்ற இந்திப் படம் இருக்கிறது. அது தமிழில் பாக்யராஜ் நடிக்க 1989இல் என் ரத்தத்தின் ரத்தமே என்று வந்தது. கைக்கடிகாரம் போன்ற கருவியை அழுத்தினால் அனில் கபூர் உடையோடு மறைகிறார். ஆனால் கையில் எடுத்த அனுமார் சிலை மட்டும் அந்தரத்தில் பறந்து அடியாட்களைத் துவைக்கிறது. சிவப்பு ஒளியில் பார்த்தால் ஆள் தெரிவார் என்று ஒரு விதியாவது வைத்தார்கள். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருந்தாலும் சட்டை எங்கே என்று நான் கேட்டதில்லை. கேட்பவர்கள் திரையரங்குக்குப் போகாமல் இருப்பது அரங்கத்துக்கு நல்லது.

வெல்ஸ்தாசன்:
திரைப்பட இயக்குநர் செய்த பிழைக்கு நாவலாசிரியர் அபராதம் கட்டவேண்டும் என்ற சட்டம் எந்த நாட்டில் இருக்கிறது என்று மேட்னிஷோ தெரிவித்தால் நன்றி உள்ளவனாக இருப்பேன். செருப்பு ஜேம்ஸ் வேலுடையது, கோட்டு கிராண்டலுடையது. மிஸ்டர் இந்தியாவை அறிவியல்பூர்வமானது என்று யாரும் இங்கே முழங்கவில்லை, மாயாவியை முழங்கினார்கள். ஆகவே கேள்வி மாயாவிக்குத்தான்: கோட்டு எங்கே?

நிழற்படையாள்:
வெல்ஸ் நேர்மையானவர் என்று அடித்துச் சொல்கிறீர்களே, அந்த நாவலை முழுவதும் படித்தீர்களா, அல்லது பள்ளிக்கூடப் பதிப்பின் சுருக்கத்தோடு நிறுத்திவிட்டீர்களா என்ற ஐயம் எனக்கு வருகிறது. கிரிஃபின் முதன்முதலில் மறையவைத்தது எதை? மனிதனையா? பூனையையா? இரண்டும் இல்லை. வெள்ளைக் கம்பளித் துணி ஒன்றை! துணியை மறைக்கத் தெரிந்தவன், தனக்கென்று ஒரு சட்டையையும் கால்சட்டையையும் மறைத்துப் போட்டுக்கொள்ளாமல் ஜனவரிக் குளிரில் அம்மணமாக அலைந்தான் என்றால், அது எழுத்தாளனின் நேர்மையா, மறதியா? எங்கள் மாயாவியின் கோட்டு மறைந்ததைக் கேட்கும் நீங்கள், உங்கள் கிரிஃபினின் கோட்டு ஏன் மறையவில்லை என்பதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பூனையை மறைத்தபோது எதெது மறையாமல் தங்கின? கண்ணின் பின்புறத்தில் ஒளிரும் படலமும் நகங்களும். நகம் தங்கும் கதையை ரசிக்கத் தெரிந்தவருக்கு இரும்புக் கை தங்கும் கதை மட்டும் கசக்கிறது!

வெல்ஸ்தாசன்:
நாவலை நான் படித்திருக்கிறேன், அதுவும் சுருக்கத்தை அல்ல. கிரிஃபினுக்கு அவகாசம் இல்லை. வீட்டுக்காரன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். கிரிஃபின் தன் கருவிகளைச் சிதைத்து, அறைக்குத் தீ வைத்துவிட்டு வெளியேறினான். அவசரத்தில் கிளம்புகிறவன் சட்டைக்குத் தனியாகச் சோதனை நடத்திக்கொண்டிருக்க முடியுமா? இது மறதி அல்ல, கதையின் நெருக்கடி. துணியை மறைக்க அங்கே ஒரு முறை இருந்தது, அதற்கு இயந்திரம் வேண்டியிருந்தது, அந்த இயந்திரம் இல்லாத இடத்தில் துணி மறையவில்லை. மாயாவிக்கு இயந்திரமும் இல்லை, முறையும் இல்லை. தெருவிளக்குக் கம்பியைத் தொட்டால் போதும், தையற்காரர் தைத்த எதுவும் மறைந்துவிடும். வேறுபாடு விளங்குகிறதா? மறுபடியும் கேட்கிறேன், கோட்டு எங்கே?

கருப்புவெள்ளை:
1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக மாயாவி வந்தபோது அதை வாங்கியவன் என்ற முறையில் ஒரு சொல். அந்தக் காலத்துத் தாளையும் கறுப்பு மையையும் கையில் பிடித்துப் படித்தவனுக்குக் கோட்டுக் கேள்வி தோன்றவே தோன்றாது. பிளாஸ்கோவின் நிழல்களைப் பாருங்கள்: இருட்டு அறையில் ஒரு மேசை, அதன் மேல் தனியாக ஊர்ந்துவரும் ஒரு கை. அச்சம் கைக்குள் இருக்கிறது. அந்த முதல் கதையில் கிராண்டல் கதாநாயகனே அல்லன்; நகரத்தை மிரட்டும் குற்றவாளி. பிற்பாடுதான் நல்லவனாகி நிழற்படையில் சேர்கிறான். இதைப் பேசாமல் கோட்டைப் பேசுகிறீர்கள்.

மேலும், இந்த இழையில் அடிக்கடி குரல் உயர்த்தும் ஒரு நண்பர் என்னிடமிருந்து இரவல் வாங்கிச் சென்ற இரண்டு பழைய இதழ்கள் இன்னும் திரும்பவில்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை. அவை மறைந்ததற்கும் எந்தக் கதிர் காரணம் என்று அவரே விளக்கினால் அறிவியலுக்கு உதவியாக இருக்கும்.

நிழற்படையாள்:
பெயர் சொல்லாமல் கல்லெறிவது எளிது. அந்த இரண்டு இதழ்களுக்கும் அட்டையே கிடையாது, நடுப்பக்கங்களும் கிழிந்திருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பழைய இதழ்களை ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் கூட்டம் காமிக்ஸ் அன்பைப் பற்றிப் பாடம் நடத்துவதைப் படிக்கும் பொறுமை எனக்கு இல்லை.

கருப்புவெள்ளை:
நான் விற்றதாக ஒரு சான்று காட்டுங்கள். அட்டை இல்லை என்று தெரிந்தும் திருப்பித் தராமல் வைத்திருப்பவர் என்னைவிடப் பெரிய சேகரிப்பாளராகத்தான் இருக்கவேண்டும்.

ஞாயிறுகாலை:
இரவல் வழக்கைத் தனிமடலில் நடத்திக்கொள்ளுங்கள். தூர்தர்ஷனில் ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடர் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தொடரில் 1966இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் எதிரிகளான ரோமுலன்களின் விண்கப்பல் முழுவதுமாக மறைகிறது. ஒளியைத் தேர்ந்து வளைத்தால் இது கொள்கை அளவில் சாத்தியம், ஆனால் செலவாகும் ஆற்றல் மிகப் பெரிது என்று நாயகர்களின் கப்பல் அதிகாரி ஸ்போக் ஓரிரு வரிகளில் சொல்லிவிடுகிறார். தாக்க வேண்டுமென்றால் கப்பல் வெளிப்பட்டாக வேண்டும். அந்த ஒரே கட்டுப்பாட்டில்தான் கதையின் இறுக்கம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒளியை வளைத்தால் உள்ளே இருப்பது தோலா, துணியா, இரும்பா என்ற கேள்வியே எழாது. உங்கள் இருவரின் நாயகர்களும் இந்தத் தேர்வில் தோற்றவர்கள்.

அதோடு வெல்ஸ்தாசன் ஐயாவுக்கு ஒன்று: உடல் முழுவதும் ஒளியை அப்படியே ஊடுருவவிட்டால் விழித்திரையில் எந்த ஒளியும் தங்காது, கிரிஃபின் குருடனாகத்தான் நடந்திருப்பான். இதைச் சோவியத் எழுத்தாளர் பெரெல்மான் தம் இயற்பியல் நூலில் எப்போதோ எழுதிவிட்டார். துணி இல்லாமல் நடந்தது நேர்மை என்றால், கண் தெரியாமல் நடக்காதது என்ன?

வெல்ஸ்தாசன்:
கண்ணைப் பற்றி வேறொரு நாள், வேறொரு இழையில், விரிவாகவே எழுதுவேன். பெரெல்மானை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒளியை வளைத்தால் கப்பலுக்குள் இருப்பவர்களுக்கும் வெளியிலிருந்து ஒளி வராது, அவர்களும் குருடர்கள்தாம் என்பதை ஞாயிறுகாலை யோசித்துப் பார்க்கட்டும். இந்த இழை கண்ணைப் பற்றியதன்று, கப்பலைப் பற்றியதன்று, கருப்புவெள்ளையின் கிழிந்த இதழ்களைப் பற்றியதும் அன்று. இத்தனை பேர் இத்தனை வரிகள் எழுதிய பிறகும் கோட்டுக்கு ஒருவர்கூட விடை தரவில்லை என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

மேட்னிஷோ:
நான் ஒன்று கேட்கிறேன். மாயாவி அந்த இரும்புக் கையின் மேல் ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு மின்சாரத்தைத் தொட்டால், கையுறை மறையுமா, தெரியுமா?

நிழற்படையாள்:
மறையும். மற்ற துணியெல்லாம் மறைவதுபோல அதுவும் மறையும், இரும்பு மட்டும் தெரியும்.

வெல்ஸ்தாசன்:
மறையாது! கையுறை தொட்டுக்கொண்டிருப்பது உடலை அன்று, இரும்பை. உங்கள் புலக் கோட்பாட்டின்படியே இரும்பு புலத்துக்கு வெளியே. அப்படியென்றால் அதன் மேல் உள்ள துணியும் வெளியே. பாருங்கள், உங்கள் கோட்பாடு உங்கள் கையையே கடிக்கிறது. சிறுவர் இதழ் என்பதால் ஆடையில்லாமல் வரைய முடியவில்லை, மின்சாரத்தின் வேகம் தீர்ந்து உருவம் திரும்பும்போது வங்கி நடுவில் அம்மணமாக நிற்க வைக்க முடியவில்லை என்று நேராகச் சொல்லியிருந்தால் நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். அறிவியல் என்ற சொல்லை எடுத்ததால்தான் வந்தேன்.

நிழற்படையாள்:
எந்தக் கதையில், எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில் கையுறை மறையாமல் இருக்கிறது என்று காட்டுங்கள். காட்டினால் பேசுகிறேன்.

வெல்ஸ்தாசன்:
மறைந்ததாக ஒரு கட்டத்தை நீங்கள் முதலில் காட்டுங்கள். உங்களிடம்தான் கருப்புவெள்ளையின் இதழ்கள் இருக்கின்றனவே.

கருப்புவெள்ளை:
ஆக, இருப்பது உறுதியாகிவிட்டது.