எந்தக் கேபிள் ஐயா செட்டாப் பாக்ஸை அணைக்கும்?

அல்சூர்வாசி:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "இந்தக் காலத்தில் எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிவர்சல் ரிமோட் வாங்குபவன் ஏமாளி, ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போதும்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டு டீப்பாயில் டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார், ஏசி என்று நான்கு ரிமோட்டுகள், எல்லாம் பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டுமாக. எந்தக் கேபிள் ஐயா என் செட்டாப் பாக்ஸை அணைக்கும்?

ஒயிட்ஃபீல்டு_ஒலி:
எழுதியது நான்தான். எச்டிஎம்ஐ கேபிளில் இணைந்த கருவிகளை ஒரே ரிமோட்டில் இயக்க சிஇசி என்று ஒரு வசதி இருக்கிறது. எச்டிஎம்ஐ 1.2ஏ பதிப்போடு 2005லேயே அது முழுமையாக வந்துவிட்டது. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். பெயர்தான் வேறு. செட்டிங்ஸில் ஆன் செய்தால் டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பார் சத்தம் கூடும், குறையும். கொஞ்சம் படித்துவிட்டு வாருங்கள்.

அல்சூர்வாசி:
சவுண்ட்பாரை யார் கேட்டது? டிவி அணைந்த பிறகும் பெட்டியின் பச்சை விளக்கு விடிய விடிய எரிகிறது. செட்டாப் பாக்ஸ் சார், செட்டாப் பாக்ஸ்.

ஒயிட்ஃபீல்டு_ஒலி:
அதைத் தூக்கி எறியுங்கள். எல்லாம் ஆப்பில் வருகிறதே.

அல்சூர்வாசி:
பொதிகை 2024ல் டிடி தமிழ் ஆனதையே என் அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் வந்து நீங்களே "ஆப் திறங்க தாத்தா" என்று சொல்லுங்கள். அப்புறம், ஏசியையும் உங்கள் கேபிள் பார்த்துக்கொள்ளுமோ?

ஜயநகர்_காபி:
ஏசிக்கு, ரிமோட் போலவே அகச்சிவப்பு சிக்னல் (ஐஆர்) அனுப்பும் ஷாவ்மி போன் போதுமே.

அல்சூர்வாசி:
போனை ஆபீஸுக்கு எடுத்துப் போனால் வீட்டில் இருப்பவர்கள் விசிறிக்கொள்ள வேண்டியதுதான். நல்ல யோசனை.

ஒயிட்ஃபீல்டு_ஒலி:
லாஜிடெக்கே தன் யுனிவர்சல் ரிமோட்டான ஹார்மனியின் தயாரிப்பை 2021 ஏப்ரலில் நிறுத்திவிட்டது. தேவை இருந்தால் நிறுத்துவார்களா?

அல்சூர்வாசி:
நின்றது விலை அதிகமான ரிமோட்தான். நம் பெங்களூர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு எஸ்.பி. ரோட்டில் சின்ன லேர்னிங் ரிமோட் இன்றும் கிடைக்கிறது. பழைய ரிமோட்டையும் அதையும் மூக்கோடு மூக்கு வைத்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தினால் சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். நெட் வேண்டாம், ஆப் வேண்டாம், அப்டேட் வேண்டாம்.

மாட்டுங்காக்காரன்:
எஸ்.பி. ரோடா? அதே சரக்கு எங்கள் மும்பை லாமிங்டன் ரோட்டில் பாதி விலை. பெங்களூர்க்காரர்களுக்குப் பேரம் பேசவே வராது.

ஜயநகர்_காபி:
ஆரம்பித்துவிட்டார். போன மாதம் ஸ்பீக்கர் வயருக்கும் இதே கதைதானே விட்டீர்கள்?

மாட்டுங்காக்காரன்:
அந்த வயர் அசல் செம்பு. பில் வைத்திருக்கிறேன்.

ஜயநகர்_காபி:
பில்லில் செம்பு, உள்ளே அலுமினியம்.

அல்சூர்வாசி:
செம்பெல்லாம் இருக்கட்டும். டிவி ரிமோட்டில் செட்டாப் பாக்ஸ் அணையுமா, அணையாதா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு_ஒலி:
பாக்ஸ் என்ன மாடல்?

அல்சூர்வாசி:
பார்த்தீர்களா, "கேபிள் ஒன்று போதும்" என்றவர் இப்போது மாடல் கேட்கிறார். மாடல் பார்த்துத்தான் வேலை செய்யும் என்றால் அதை முதலிலேயே எழுதியிருக்கலாமே சார்.

ஒயிட்ஃபீல்டு_ஒலி:
பழைய டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுபவரிடம் பேசிப் பயனில்லை.

அல்சூர்வாசி:
டப்பா அணையுமா?

மாட்டுங்காக்காரன்:
பில்லை ஸ்கேன் செய்து போடுகிறேன், பொறுங்கள்.