கொல்லிமலைல மூணு நாள், அத்தைக்கு முட்டி வலி. எங்கெல்லாம் போகலாம்?

ஈரோட்டுக்காரி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. காலாண்டு லீவுக்கு கொல்லிமலைல செம்மேடு பக்கம் காப்பித் தோட்டத்துக்குள்ள ஒரு வீடு வாடகைக்கு புடிச்சிருக்கோம். நானு, வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேரு (12, 7 வயசு), மாமியார். அத்தைக்கு முட்டி வலி, படி ஏற முடியாது, ஆனா கோயில்னா ஆசையா கெளம்பிருவாங்க. சின்னவனுக்கு வளைவுல வண்டி திரும்புனாலே வாந்தி. நெட்ல பாத்தா ஒரே நாள்ல பத்து இடம் சுத்தலாம்னு போட்டிருக்காங்க, எங்களுக்கு அப்படி ஓட வேண்டாமுங்க. நிஜமாவே எத பாக்கணும், எத விட்டாலும் பரவால்ல? சமையல் நாங்களே பண்ணிக்கறோம், அங்க என்ன கெடைக்கும்னும் சொல்லுங்க.

நாமக்கல் பைக்:
அக்கா, முதல்ல ரோடு. சேந்தமங்கலம், காரவள்ளி வழியா ஏறுனா 70 கொண்டை ஊசி வளைவு, தம்பிக்கு அது கஷ்டம்தான். காலைல வயித்த ரொப்பாம ரெண்டு இட்லியோட கெளம்புங்க, நடுவுல ரெண்டு மூணு தடவ அகலமான எடமா பாத்து நிறுத்தி காத்து வாங்க விடுங்க, ஆனா திங்கறதுக்கு எதையும் வெளிய எடுக்காதீங்க, கொரங்கு நிக்கும். முள்ளுக்குறிச்சி வழியா இன்னொரு ரோடு இருக்கு, சுத்துதான், ஆனா வளைவு கம்மி. நானா இருந்தா அதுலதான் ஏறுவேன்.

மலைக்கு வந்துட்டு ஆகாய கங்கை அருவிய விட்டுறாதீங்க. அய்யாறு அங்க கிட்டத்தட்ட 300 அடி ஒரே பாய்ச்சலா விழுது. கீழ போக ஆயிரத்துக்கும் மேல படி, அதுவும் செங்குத்தா. எறங்கறப்ப ஒண்ணும் தெரியாது, திரும்ப ஏறறப்பதான் தொடை நடுங்கும். அதனால வெயில் ஏறறதுக்குள்ள முடிச்சிருங்க. படி ஆரம்பிக்கறது அறப்பளீஸ்வரர் கோயில் கிட்டதான், கோயில் வரைக்கும் கார் போகும், அம்மா அங்க சாமி கும்புட்டுட்டு நிதானமா உக்காந்திருக்கட்டும், அண்ணனும் பெரிய பையனும் எறங்கிட்டு வரட்டும். சின்னவன கூட்டிட்டுப் போகாதீங்க, பாதில தூக்கச் சொல்லுவான். மழ பேஞ்சு தண்ணி செவப்பா வந்தா யாருமே எறங்க வேண்டாம்.

மலைப்பொண்ணு:
நான் பொறந்து வளந்தது மேலதான் அக்கா. தம்பி சொன்னதுல படி விஷயம் கரெக்ட். ஆனா ஆகாய கங்கைக்கே ஒரு நாள் முழுசும் போட்டுட்டு மிச்ச நேரமும் கார்லயே சுத்தாதீங்க, நீங்க எடுத்திருக்கற வீட்டச் சுத்தியே பாக்க நெறைய இருக்கு. பசங்கள தோட்டத்துக்குள்ள நடக்க விடுங்க. சில்வர் ஓக் மரத்த சுத்தி மொளகுக் கொடி ஏறியிருக்கும், அந்த மாசத்துல பச்ச மணி சரம் சரமா தொங்கும், காப்பிச் செடில காய் இன்னும் பச்சையாத்தான் இருக்கும். ஒரு மொளக கடிச்சு பாக்கச் சொல்லுங்க, அப்பறம் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாங்க. தோட்டக்காரங்கள கேட்டுட்டு பறிங்க, அது அவங்க வருஷ வருமானம்.

செம்மேட்டுல வல்வில் ஓரி சிலை இருக்கு, அங்க வெச்சு கதைய சொல்லுங்க. கடையெழு வள்ளல்ல ஒருத்தர், இந்த மலை அவர் நாடு. ஒரே அம்பு யானை, புலி, மான், காட்டுப்பன்னின்னு எல்லாத்தையும் தொளச்சிட்டு கடைசில புத்துல இருந்த உடும்புல போய் குத்துச்சுன்னு புறநானூத்துல வன்பரணர் பாடியிருக்கார். ஏழு வயசுப் பையனுக்கு இத விட என்ன வேணும்!

சமையலுக்கு சோளக்காடுங்கற ஊர்ல வாங்கிக்கோங்க, மலைவாழ, அன்னாசி, தேன், மொளகு, சாமை அரிசி எல்லாம் வரும். முக்கியமா முடவாட்டுக்கால் கெழங்கு. பாக்க ஆட்டுக்கால் மாதிரி மேல பழுப்பா ரோமமா இருக்கும், பயப்படாதீங்க. ரோமத்த சுத்தமா சொரண்டி எடுத்துட்டு, நறுக்கி, மொளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேத்து தட்டி, நல்லா கொதிக்க வெச்சு வடிகட்டி குடிக்கணும். முட்டி வலிக்கு நல்லதுன்னு எங்க பக்கம் எல்லாருமே குடிப்போம். அத்தைக்கு சாயங்கால குளிருக்கு சூடா ஒரு டம்ளர் குடுங்க, ஆனா டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்த வேண்டாம்.

சேலம் அப்பா:
மாசிலா அருவிய யாரும் சொல்லலையே. கொஞ்சம் படி இருக்கு, ஆனா ஆகாய கங்கையோட ஒப்பிடவே வேண்டாம். சின்ன பசங்க ஆசை தீர குளிக்க அதான் சரி, ஏழு வயசுக்காரன அங்க விட்டுருங்க. போட் ஹவுஸ் ரொம்ப சின்னது, நேரம் இல்லன்னா விட்டுருங்க. சீக்குப்பாறை வியூ பாயிண்ட்டுக்கு காலைலயே போயிருங்க, பனி மூடிருச்சுன்னா ஒண்ணும் தெரியாது.

ஈரோட்டுக்காரி:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். முள்ளுக்குறிச்சி வழியே ஏறறோம். அறப்பளீஸ்வரர்னு சொன்னதும் அத்தை பூ, எண்ணெய்க்கு லிஸ்ட்டே போட்டுட்டாங்க. மலைப்பொண்ணு, அந்த கெழங்க ஈரோட்டுக்கு வாங்கிட்டு வந்தா எத்தன நாள் கெடாம இருக்குமுங்க?

மலைப்பொண்ணு:
பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெக்காம நெழல்ல காத்தாட போட்டு வெச்சா நல்லாவே தாங்கும் அக்கா. கழுவறது, சொரண்டறது எல்லாம் சூப் வெக்கற அன்னிக்கு மட்டும் பண்ணுங்க, முன்னாடியே சொரண்டுனா சீக்கிரம் அழுகிரும்.