புதுப்பிப்பு: விந்தணுவைக் கழுவ வேண்டுமா என்று கேட்டிருந்தேனே

கணவருக்கு எச்.ஐ.வி., எனக்கு இல்லை. குழந்தைக்கு விந்தணுவைக் கழுவித்தான் (அதாவது, வைரஸ் இருக்கக்கூடிய விந்துத் திரவத்திலிருந்து ஆய்வகத்தில் பிரித்தெடுத்துத்தான்) ஆக வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். நேற்று வேறு மருத்துவரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டது கணவரின் இரத்தத்தில் உள்ள வைரஸ் அளவைத்தான். மாத்திரையை விடாமல் போடுவதால் ஆறு மாதத்துக்கு மேலாக மில்லிலிட்டருக்கு 200 வைரஸ் பிரதிகளுக்குக் கீழேயே இருக்கிறது. அப்படியென்றால் உடலுறவில் எனக்குத் தொற்றாது, இயல்பாகவே முயலலாம் என்றார். கழுவுவதெல்லாம் மருந்துகள் இவ்வளவு வலுவாக இல்லாத 1990-களில் பரவிய முறையாம். (முந்தையவர் இதைச் சொல்லவே இல்லை, செலவுப் பட்டியலை மட்டும் நீட்டினார்.)

அப்புறம், எனக்கு ஒரு கருக்குழாயில் அடைப்பு. ஐ.வி.எஃப். (கருமுட்டையையும் விந்தணுவையும் ஆய்வகத்தில் சேர்த்துக் கருவாக்குவது) தேவைப்பட்டால், எச்.ஐ.வி. உள்ளவர்களின் கருவைத் தனிக் கலனில் உறையவைக்கும் ஆய்வகமா என்று விசாரிக்கச் சொன்னார். கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.