புதுப்பிப்பு: நெற்றியில் 97.6, அக்குளில் 100.2 – காரணம் தெரிந்துவிட்டது

ஒரே நோயாளிக்கு நெற்றி வெப்பமானி 97.6 ஃபாரன்ஹீட்டும் அக்குளில் வைத்த டிஜிட்டல் வெப்பமானி 100.2-உம் காட்டுகின்றனவே, எதை நம்புவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

அவருடைய கட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தது. வியர்த்த நெற்றி காற்றுப்பட்டுக் குளிர்ந்துவிட்டது. அகச்சிவப்புக் கருவியான நெற்றி வெப்பமானி உணர்வது தோலின் மேற்பரப்பு வெப்பத்தைத்தான்; உள்ளே காய்ச்சல் அடித்தாலும் ஈர நெற்றி அதைக் காட்டாது. மின்விசிறியை நிறுத்தி, நெற்றியைத் துடைத்து, சற்றுப் பொறுத்து அளந்ததும் இரண்டும் நெருங்கி வந்தன.

அக்குள் அளவையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம் என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். மிகச் சரி. அது பொதுவாக வாய் அளவைவிட அரை டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருக்கும். வியர்வையை ஒற்றியெடுத்து, முனையைக் குழியின் நடுவில் வைத்து, கையை மார்பின் குறுக்கே மடித்துவிட வேண்டும். மெலிந்த முதியவர்களுக்குக் கை தளர்ந்து இடைவெளி விழும். ஒலி வரும்வரை நாமே பிடித்துக்கொள்வதுதான் வழி. எத்தனை அவசரமானாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

வாயில் வைப்பதானால், டீ குடித்து 15 முதல் 30 நிமிடமாவது போகட்டும்.

இப்போது எங்கள் வார்டில் எண்ணோடு, அளந்த இடத்தையும் எழுதுகிறோம். காலையில் நெற்றியும் இரவில் அக்குளுமாக அளந்தால், ஏறியது காய்ச்சலா, மாறியது இடமா என்று மருத்துவருக்கு எப்படித் தெரியும்? கீமோதெரபி (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுப்பவர்களுக்கு, காய்ச்சலின் எல்லையான 100.4 ஃபாரன்ஹீட்டை ஒட்டிய ஒவ்வொரு புள்ளியும் முக்கியம்.