2003 பாக்ஸ்டர் எஸ்ஸா, 2007 பாக்ஸ்டர் எஸ்ஸா? 14,000 பவுண்டுக்குள் எதை எடுக்கலாம்?

ஹரோ_வேலன்

வணக்கம். ரெண்டு போர்ஷே பாக்ஸ்டர் பார்த்து வச்சிருக்கிறன், எதை எடுக்கிறதெண்டு தெரியேல்லை. ரெண்டுமே எஸ், அதாவது சக்தி கூடின வகை, ரெண்டுமே 6 கியர் மேனுவல்.

முதலாவது 2003, 986 மாடல், 3.2 லீட்டர். 78,000 மைல். 7,000 பவுண்டு கேக்கினம். பின் கண்ணாடி பிளாஸ்டிக் இல்லை, கண்ணாடிதான். கிளட்ச் மாத்தினதுக்கோ, எஞ்சினுக்குள்ள இருக்கிற ஐ.எம்.எஸ். பேரிங் மாத்தினதுக்கோ பில் ஒண்டும் இல்லை.

மற்றது 2007, 987 மாடல், 3.4 லீட்டர். 64,000 மைல், 12,500 பவுண்டு. 2016 வரைக்கும் சர்வீஸ் புத்தகத்தில முத்திரை இருக்கு, பிறகு மூண்டு பில்தான்.

முதல் வருசத்து ரிப்பேரோட சேர்த்து 14,000-ஐத் தாண்டக் கூடாது. வேலைக்கு ரயில்தான். கார் வார விடுமுறைக்கு மட்டும், நிக்கிறது லண்டன் ஹரோவில றோட்டில. புதுசு எண்டா தலையிடி குறைவு எண்டு நினைச்சு 2007-க்குத்தான் மனம் போகுது. தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

---

ஆறு_சிலிண்டர்

2003-க்கும் 2007-க்கும் இடையில் எஞ்சினின் பலவீனம் இடம் மாறியிருக்கிறது. பழையதில் அது ஒரு பேரிங். புதியதில் சிலிண்டர் சுவர். பேரிங்கை 2,000 பவுண்டுக்குள் மாற்றிவிடலாம். சிலிண்டர் சுவர் கீறிவிட்டால் எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும், 10,000 பவுண்டைத் தாண்டும். அதனால் உங்கள் விஷயத்தில் புதியதுதான் பெரிய சூதாட்டம்.

முதலில் 986. கிராங்க் ஷாஃப்டிலிருந்து செயின் வழியாகச் சுற்றும் ஒரு இடைநிலை ஷாஃப்ட் இருக்கிறது. அதிலிருந்துதான் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுகளுக்குச் செயின் போகிறது. அந்த ஷாஃப்டின் கிளட்ச் பக்க முனையைத் தாங்குவதுதான் ஐ.எம்.எஸ். பேரிங். கிரீஸ் அடைத்து இரண்டு பக்கமும் சீல் போட்ட பால் பேரிங் அது. வருடங்கள் போகப் போக சீல் இறுகி, எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிடும். பழசான ஆயில் உள்ளேயே தேங்கும், புது ஆயில் வராது. பால்கள் தேய்ந்து பேரிங் ஆட ஆரம்பித்தால் ஷாஃப்ட் ஆடும், செயின் தாவும், வால்வும் பிஸ்டனும் மோதும். எஞ்சின் போச்சு.

2000 வரையிலான பெரும்பாலான எஞ்சின்களில் இரட்டை வரிசை பேரிங். அதன்பின் 2005 வரை ஒற்றை வரிசை, அதுதான் பலவீனமானது. அமெரிக்காவில் போர்ஷே மீது போட்ட கூட்டு வழக்கும் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களைப் பற்றியதே. உங்கள் 2003 சரியாக அந்த நடுவில் விழுகிறது. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் வாயால் சொல்வது கணக்கில் வராது.

மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச்சையும் ஃப்ளைவீலையும் கழற்ற வேண்டும். ஆகவே பேரிங், கிளட்ச், கிராங்கின் பின் சீல் மூன்றையும் ஒரே தடவையில் முடியுங்கள். சீல் புது வகை பி.டி.எஃப்.இ. (டெஃப்ளான்) சீலாக, அதற்குரிய கருவியால் 13 மி.மீ. ஆழத்துக்கு அழுத்திப் போட வேண்டும். சுத்தியலால் தட்டிப் போட்டால் சில மாதத்திலேயே மறுபடி ஒழுகும். இன்னொன்று: கேம் ஷாஃப்டைப் பூட்டி, செயின் டென்ஷனர்களைத் தளர்த்திய பிறகே பேரிங் மூடியைக் கழற்ற வேண்டும். அவசரத்தில் இதைத் தாண்டினால் டைமிங் தாவிவிடும். கராஜில் "கேமைப் பூட்டித்தானே செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் வேறு கராஜ் பாருங்கள்.

---

ஸ்பானர்_சங்கிலி

மேல சொன்னது சரி. ஒண்டு மட்டும் சேர்க்கிறன்: பேரிங் மாத்த முதல் ஆயில் ஃபில்டரைப் பாருங்கோ. இந்த எஞ்சினில ஃபில்டர் பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள்ள நிக்கிற கடதாசி. அதை எடுத்து மடிப்புகளை விரிச்சு வெளிச்சத்தில பிடியுங்கோ, பிறகு காந்தம் வையுங்கோ. காந்தத்தில ஒட்டுற மினுக்கம் இரும்பு, பேரிங்கில இருந்து வாறது. ஒட்டாத மினுக்கம் அலுமினியம். சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் எண்டா செயின் வழிகாட்டிப் பட்டையள் தேயுது. இரும்புத் தூள் ஏற்கெனவே ஓடியிருந்தா புதுப் பேரிங் போட்டுப் பிரயோசனமில்லை, அந்தத் தூள் எஞ்சின் முழுக்கச் சுத்தியிருக்கும். அந்தக் காரை விடுங்கோ.

இனி 2007. அதில ஐ.எம்.எஸ். பேரிங் பெரிசு, உடையிறது அரிது. ஆனா எஞ்சினைப் பிரிக்காமல் அதை வெளிய எடுக்கேலாது. 2005 கார்களில ரெண்டு வகையும் கலந்து வந்தது. ஃப்ளைவீலைக் கழட்டினா நடு நட்டு 13 மி.மீ. எண்டா சின்னது, 22 எண்டா பெரிசு. உங்கட 2007 பெரிசுதான். கிளட்ச் மாத்தேக்க வெளிப்பக்கச் சீலை மட்டும் கழட்டிவிட்டா ஆயில் தெறிச்சுப் பேரிங்குக்குப் போகும். பிறகு அதை மறந்திடலாம்.

3.4-இன்ர உண்மையான பயம் சிலிண்டர் கீறல். சிலிண்டர் சுவர் சிலிக்கன் கலந்த அலுமினியம், பிஸ்டன் பக்கத்தில மெல்லிய பூச்சு. பூச்சு உரிஞ்சா அலுமினியத்தில அலுமினியம் தேய்க்கும். எஞ்சின் சூடாக முதல் முறுக்கிறது, இன்ஜெக்டர் ஒழுகிச் சுவரில இருக்கிற ஆயிலைப் பெட்ரோல் கழுவிறது, ஆயில் மாத்தாமல் இழுத்தடிக்கிறது, இதெல்லாம் காரணம். கூடுதலா பேங்க் 2, அதாவது 4, 5, 6-ஆம் சிலிண்டரில வரும்.

அடையாளம் எண்டா, எஞ்சின் சூடான பிறகு ஐடிலில ஒரு பக்கத்தால டிக் டிக் எண்டு சத்தம், ஆயில் குடிக்கிறது. போர்ஷேயின்ர 911 மாடலில எண்டா ஒரு பக்கப் புகைக் குழாய் மட்டும் கரி பிடிச்சிருக்கும். பாக்ஸ்டரில ரெண்டு பக்கமும் ஒரே சைலன்சருக்குள்ள போறதால அந்தச் சோதனை இங்க செல்லாது. கேட்டுப் பாக்கிறதோட நிப்பாட்டாதேங்கோ. பிளக் ஓட்டையால கமரா விட்டாலும் முழுசாத் தெரியாது, கீறல் சுவரின்ர அடியில தொடங்கும். சம்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில ஆயில் நிக்கிற தட்டைக் கழட்டி, பிஸ்டனை மேல ஏத்தி, கீழ இருந்து கமரா விடவேணும். சம்புக்கு கேஸ்கெட் இல்லை, சீலன்ட் பூசித்தான் ஒட்டிறது. பழசைச் சுரண்டேக்க துண்டுகள் உள்ள விழாமல் பாத்துக்கொள்ளச் சொல்லுங்கோ. ஆயில் எப்பிடியும் வடிக்கவேணும், எட்டு லீட்டருக்கு மேல போகும், புது ஆயிலுக்கும் காசு ஒதுக்குங்கோ.

---

எம்25_முத்து

எஞ்சினைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். லண்டனில் வைத்திருப்பவருக்கான கணக்கைச் சொல்கிறேன்.

யூலெஸ், அதாவது புகை கூடிய வண்டிகளுக்குக் கட்டணம் போடும் லண்டன் வலயம்: 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (உள்ளாட்சிப் பகுதிகளும்) உள்ளே. பெட்ரோல் காருக்கு யூரோ 4 என்ற புகைத் தரம் தேவை, இல்லையேல் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 2006-க்கு முன் பதிவான கார்களிலும் தேறுபவை உண்டு, ஆண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். நம்பர் பிளேட்டை லண்டன் போக்குவரத்து அமைப்பான டி.எஃப்.எல். தளத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. 2003 அதில் தேறவில்லையென்றால் பேச்சே வேண்டாம்.

சாலை வரி: இதைப் பலரும் கவனிப்பதில்லை. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார் கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டாலும் கே என்ற வரிப் பட்டையோடு நின்றுவிடும். அதன்பின் பதிவானது எல் அல்லது எம். உங்கள் 2007 எஸ் அதில் விழும். வருடத்துக்குக் கிட்டத்தட்ட 300 பவுண்டு வித்தியாசம், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும்.

எம்.ஓ.டி., அதாவது காரின் வருடாந்தத் தகுதிச் சோதனை. அதன் வரலாற்றைப் பார்ப்பது இலவசம். தேறியதா இல்லையா என்பதைவிட, கீழே இருக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளைப் படியுங்கள். பிரேக் குழாய் துரு, பின் ஸ்பிரிங் உடைவு, கீழ்க் கட்டுப்பாட்டு ஆர்ம் புஷ் தேய்வு இவை இரண்டு மாடலிலும் வரும். ஒரே எச்சரிக்கை மூன்று வருடம் தொடர்ந்து வந்திருந்தால், ஓனர் செலவு செய்கிற ஆள் இல்லை என்று அர்த்தம். மைலையும் வருட வாரியாகப் பாருங்கள். வருடத்துக்கு 400 மைல் ஓடிய கார் பொக்கிஷமாகத் தெரியும், ஐ.எம்.எஸ். விஷயத்தில் அது நல்ல செய்தி அல்ல. நின்றே கிடக்கும் காரில் ஆயிலில் ஈரம் சேரும், சீல் காயும்.

றோட்டில் நிற்கும் கார் என்பதால் இன்னும் இரண்டு. கூரைத் துணியின் பின் மூலைகளில் இருக்கும் வடிகால் ஓட்டைகள் இலையால் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். 986-இல் இருக்கைக்கு அடியில் இருக்கும் அலாரம் பெட்டி நனைந்தால் கார் ஸ்டார்ட்டே ஆகாது. போனவுடன் கார்பெட்டைக் கையால் அழுத்துங்கள், கீழே இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரமாக இருக்கிறதா என்று. அடுத்தது, முன் பம்பரின் காற்று வாய்க்குள் டார்ச் அடியுங்கள். ரேடியேட்டருக்கும் ஏ.சி. கன்டென்சருக்கும் நடுவே இலை மக்கிக் கிடந்தால் கன்டென்சர் அரித்திருக்கும்.

---

ஹரோ_வேலன்

எல்லாருக்கும் நன்றி. 2003 யூலெஸில தேறுது, இப்பதான் போட்டுப் பார்த்தன். 2007-காரரிட்டக் கேட்டன், சம்ப் கழட்ட விடமாட்டாராம், கம்ப்யூட்டர் போட்டுப் பாக்கலாமாம். அது காணுமா?

---

ஆறு_சிலிண்டர்

காணாது. ஆனால் கம்ப்யூட்டரை வீண் என்று ஒதுக்கவும் வேண்டாம். அது வேறு விஷயங்களைச் சொல்லும்.

மூன்றைப் படியுங்கள். ஒன்று, ஓவர் ரெவ் பதிவு, அதாவது எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்றதன் கணக்கு. 986-இல் இரண்டு படி, 987-இல் ஆறு படி. 987-இல் 4, 5, 6-ஆம் படியில் எண்ணிக்கை இருந்தால், வேகத்தில் தவறான கியரைப் போட்டு எஞ்சினைச் சுழற்றியிருக்கிறார்கள். எத்தனையாவது மணி நேரத்தில் என்பதும் பதிவாகும். நேற்று நடந்ததா, பத்து வருடம் முன்பா என்பதை மொத்த ஓட்ட மணி நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு, மைலை அந்த மணி நேரத்தால் வகுங்கள். 64,000 மைலுக்கு 2,100 மணி என்றால் சராசரி 30 மைல் வேகம், இயல்பானது. 15-க்குக் கீழே வந்தால் நகர நெரிசலில் குறுந்தூரம் ஓடிய எஞ்சின், அதாவது சூடாகாமலே ஓடிய எஞ்சின். மூன்று, கேம் விலகல், அதாவது கேம் ஷாஃப்ட் இருக்க வேண்டிய கோணத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. இரண்டு பேங்கிலும் ஆறு டிகிரிக்குள் அசையாமல் நிற்க வேண்டும்.

சிலிண்டர் சுவரை இதில் எதுவும் காட்டாது. 12,500 கேட்பவர் 300, 400 பவுண்டு சோதனைக்கு, அதுவும் உங்கள் செலவில், சம்மதிக்கவில்லை. அவருக்கு ஏதாவது தெரிந்திருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். உங்களிடம் மிச்சம் 1,500 பவுண்டுதான் இருக்கிறது, எஞ்சின் போனால் அவருக்குத் தெரிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதான்.

---

ஸ்பானர்_சங்கிலி

உண்மையிலேயே புதுசு வேணுமெண்டா 2009 மாடலுக்குப் போங்கோ. அந்த வருசம் 987-க்குள்ளயே எஞ்சின் முழுசா மாறினது. இடைநிலை ஷாஃப்டே இல்லை, அதால ஐ.எம்.எஸ். பேரிங் எண்ட பேச்சும் இல்லை. சிலிண்டர் கீறலும் பழைய 3.4 மாதிரி வாறேல்லை. எஸ் உங்கட காசுக்கு வராது. சாதாரண 2.9 பாருங்கோ, 255 குதிரைவலு, உங்கட 2003 எஸ்ஸை விடக் கொஞ்சம்தான் குறைவு. எஸ் மாதிரி நேரடி இன்ஜெக்சன் இல்லாததால வால்வில கரி கட்டுற பிரச்சினையும் இல்லை. மேனுவல் காரின்ர கார்பன் அளவு 225-க்குக் கீழ எண்டா வரியும் கே பட்டைதான், லொக்புக்கில, அதாவது காரின்ர பதிவுப் பத்திரத்தில, ஒருக்கால் பாருங்கோ. மைல் கூடினது எண்டாலும் பில் இருந்தால் பயப்பிடாதேங்கோ.

அது கிடைக்காட்டி 2003. ஆனா 7,000 குடுக்காதேங்கோ. கிளட்ச், பேரிங், சீல் வேலைக்கு ரெண்டு கராஜில எழுத்தில விலை வாங்கி, அதைக் காட்டிப் பேசுங்கோ. பாக்கப் போகேக்க எஞ்சின் குளிரா இருக்கவேணும், "சூடாக்கி வச்சிருக்கிறன்" எண்டா வேற நாள் வாறன் எண்டு சொல்லுங்கோ. குளிரில ஸ்டார்ட் பண்ணேக்க வெள்ளைப் புகை மேகமா வந்து நிண்டா, ஆயில் காத்து பிரிக்கிற ஏ.ஓ.எஸ். டயஃப்ரம் கிழிஞ்சிருக்கும். ஐடிலில ஆயில் மூடியைத் திறந்து பாருங்கோ. உள்ள இழுத்துப் பிடிச்சுக் கையால தூக்கவே கஷ்டமா இருந்தா அதுதான். அந்தச் சாமான் விலை பெரிசில்லை, கை போற இடம்தான் கஷ்டம்.

பின் டிக்கிக்குள்ள கூலன்ட் ஊத்துற தொட்டி இருக்கு. அதுக்குக் கீழ கார்பெட் ஈரமா, வெள்ளைக் கறையா இருந்தா தொட்டி வெடிச்சிருக்கு. வாட்டர் பம்ப் எப்ப மாத்தினதெண்டும் கேளுங்கோ. பழைய பம்பின்ர பிளாஸ்டிக் விசிறி உடைஞ்சா துண்டுகள் கூலன்ட் வழிக்குள்ள போய் அடைக்கும். மாத்தேக்க மலிவு எண்டு இரும்பு விசிறி பம்ப் போடாதேங்கோ. பேரிங் தளர்ந்தா விசிறி எஞ்சின் பிளாக்கையே அரிக்கும்.

---

எம்25_முத்து

கூட ஒரு சின்ன விஷயம். சைலன்சர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட்கள் இந்த ஊரில் குளிர்காலத்தில் றோட்டில் போடும் உப்பில் துருப்பிடித்து, கழற்றும்போது தலை முறிந்துவிடும். "எக்ஸாஸ்ட் கொஞ்சம் ஊதுது, கேஸ்கெட்தான்" என்று விற்பவர் சொன்னால் கேஸ்கெட் விலையைப் போடாதீர்கள். முறிந்த போல்ட்டைத் துளைத்தெடுக்க ஆகும் மணிக்கணக்கைப் போடுங்கள்.

---

ஹரோ_வேலன்

2007-ஐ விட்டிட்டன். மில்டன் கீன்ஸில 2010 பதிவு 2.9 மேனுவல் ஒண்டு, 91,000 மைல், 13,200 கேக்கினம். லொக்புக் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறன். அந்தக் காருக்குக் கிளட்ச் பில் இல்லையெண்டா 2003-க்கே திரும்புறன், 5,500 எண்டு தொடங்கிப் பாக்கிறன்.